பயிர்க் காவல் துப்பாக்கியும் அதற்குரிய சட்டங்களும்

காட்டோரத்திலும் மலையடிவாரத்திலும் சாகுபடி செய்யும் குடியானவர்களுக்கு, நிலக்கடலை மணி பிடிக்கும் சமயமும் மரவள்ளியில் கிழங்கு பருக்கும் சமயமும் சந்தோஷத்தைக் காட்டிலும் கவலையையே அதிகமாகத் தருகின்றன. நாலு மாதம் பாடுபட்டு வளர்த்த வெள்ளாமையை ஒரு பன்றிக் கூட்டம் ஒரே இராத்திரியில் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். இவ்விதம் நஷ்டமடைந்தவர்கள் பரண் கட்டிக் காவல் இருந்தும், தகரம் தட்டியும், தீ மூட்டியும் அலுத்துப்போன பின் துப்பாக்கியை நினைக்கிறார்கள். சிலர் வீட்டில் தகப்பனார் காலத்துத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கும். அதைத் துடைத்து மருந்து கெட்டித்துக்கொண்டு கொல்லைக்குப் புறப்படுவதில் தவறென்ன என்று அவர்கள் கருதுகிறார்கள். தவறு இரண்டு உண்டு. அவ்விரண்டும் தனித்தனிச் சட்டங்களின்கீழ்ச் சிறைவாசத்துக்குரிய குற்றங்கள் என்பதை அநேகர் அறியார்.

தகப்பன் வைத்திருந்த நிலம் மகனுக்குச் சேருவதுபோலத் துப்பாக்கியும் தானே சேரும் என்பது ஒரு தப்பெண்ணம். துப்பாக்கிக்கு லைசென்சு இருந்தால் கொல்லையில் புகுந்த மிருகத்தைச் சுடலாம் என்பது மற்றொரு தப்பெண்ணம். துப்பாக்கியை வைத்திருப்பதற்கு ஓர் அநுமதி. அதைக்கொண்டு மிருகத்தைச் சுடுவதற்கு வேறோர் அநுமதி. முன்னது ஜில்லா கலெக்டரிடமிருந்தும், பின்னது வன இலாகாவிடமிருந்தும் வரவேண்டும். ஒன்று கையிலிருப்பதால் மற்றொன்றும் இருப்பதாகக் கொள்ளுதல் கூடாது.

இந்நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு லைசென்சு வேண்டும் என்னும் ஏற்பாட்டைப் பொதுவாக நிலைநாட்டியது 1878-ஆம் வருஷத்து இந்திய ஆயுதச் சட்டமாகும். சுதந்திரத்துக்குப் பின் அது நீக்கப்பட்டு, 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1-ஆந் தேதி அமுலுக்கு வந்தது. இப்போதுள்ள விதிகள் 2016-இல் வகுக்கப்பட்டவை. சட்டத்திலேயே முக்கியமான திருத்தங்கள் 2019 டிசம்பரில் செய்யப்பட்டன. ஆயுதம் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் நமது அரசியல் அமைப்பின்படி மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. லைசென்சு வழங்குவதே மாநில சர்க்காரின் உத்தியோகஸ்தர்கள் செய்யும் வேலை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலைமை வேறு. அங்கே துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசீன் என்னும் கூடு எத்தனை தோட்டா கொள்ளலாம் என்பதைக்கூட மாகாணங்கள் தத்தம் இஷ்டப்படி நிர்ணயிக்கின்றன. கலிபோர்னியா மாகாணம் 2000-ஆம் வருஷ ஆரம்பம் முதல் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் கூடுகளின் விற்பனையைத் தடுத்தது. கொலராடோ 2013-இல் 15 என்று எல்லை வகுத்தது. துப்பாக்கிகளுக்கு மத்திய சர்க்கார் பொதுப் பதிவேடு ஏற்படுத்துவதையே அந்நாட்டின் 1986-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது. இங்கோ சட்டம் தேசம் முழுவதற்கும் ஒன்று, பதிவேடும் ஒன்று. மேகசீனைப் பற்றி நம் சட்டம் பேசுவது வேறொரு காரணத்துக்காக: விசையை அழுத்திய விரலை எடுக்கும் வரையிலோ, அல்லது கூடு காலியாகும் வரையிலோ தொடர்ந்து சுடும் துப்பாக்கி எதுவும் தடுக்கப்பட்ட ஆயுதம் என்று அது சொல்லுகிறது. குடியானவனுக்கு அதனோடு ஒரு சம்பந்தமும் இல்லை. ஏனெனில், அவனுக்கென்று சட்டம் ஒதுக்கிய துப்பாக்கிக்குக் கூடே கிடையாது.

அதாவது, குழலின் வாய்வழியே கரிமருந்தையும் ரவையையும் இட்டுக் கோலால் இடித்துக் கெட்டிக்கும் துப்பாக்கி. ஒரு வெடி தீர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து கெட்டித்தாக வேண்டும். உண்மையான பயிர்க் காவலுக்காக இவ்வகைத் துப்பாக்கியை வேண்டி இந்தியப் பிரஜை ஒருவர் மனுச் செய்தால், வேறு தடை இல்லாதவரையில், அதிகாரி லைசென்சு கொடுக்க வேண்டும் என்று சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறுகிறது. 'கொடுக்கலாம்' என்று கூறவில்லை. இந்த ஒரு சொல்லின் வித்தியாசத்தைக் குடியானவர்கள் கவனிக்க வேண்டும். கைத்துப்பாக்கி கேட்பவர் தமக்கு அது தேவைப்படுவதற்குத் தக்க காரணம் உண்டென்று அதிகாரியைத் திருப்தி செய்தாக வேண்டும். பயிர்க் காவலுக்குக் கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கோ அந்தக் காரணத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. கெட்டிக்கும் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், குழலின் உட்புறம் வழுவழுப்பாயும் 20 அங்குலத்துக்குக் குறையாத நீளமுள்ளதாயும் இருக்கும் வேறு துப்பாக்கிக்கும் அவர் அநுமதி தரலாம். தோட்டா இட்டுச் சுடும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இந்த வகுப்பைச் சேர்ந்தவை.

மனுவைப் பெற்ற அதிகாரி, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அறிக்கை கேட்பார். குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால் அதற்காகக் காத்திராமலே உத்தரவு பிறப்பிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. மனுதாரர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பலாத்காரமோ ஒழுக்கக்கேடோ கலந்த குற்றத்துக்காகச் சிறை சென்றவராயின், விடுதலையாகி 5 வருஷம் கழிந்திருக்க வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கு அத்தாட்சியும் கேட்கப்படும். பட்டா, அடங்கல் ஆகியவற்றோடு, முன்பு பயிர்ச் சேதம் பற்றி வன இலாகாவுக்குக் கொடுத்த மனுக்களின் நகல்களையும் சேர்ப்பது நலம். கோரிக்கை உண்மையானது என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சியம் வேறில்லை. சொத்து அதிகம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்சு மறுக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகவே சொல்லுகிறது. ஆதலால், 2 ஏக்கர் வைத்திருப்பவர் தமக்குக் கிடையாது என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. மறுத்தால், காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிந்து வைக்க வேண்டும். மனுதாரர் கேட்டால், பொது நன்மைக்கு விரோதமாகாத பட்சத்தில், அதைக் கொடுக்கவும் வேண்டும். அதன்மேல் அப்பீலுக்கும் வழி உண்டு.

சரணாலயங்களை அடுத்துள்ள கிராமத்தார் இன்னொரு விஷயத்தையும் அறிய வேண்டும். 1972-ஆம் வருஷத்து வனஜீவிப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் வசித்து லைசென்சுடன் ஆயுதம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், அவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 3 மாதத்துக்குள் தமது பெயரை வன இலாகாவில் பதிவு செய்துகொள்ள மனுச் செய்ய வேண்டும். இது கலெக்டர் கொடுக்கும் லைசென்சுக்கு மேற்பட்ட தனிப் பதிவு. மேலும், அந்த 10 கிலோமீட்டருக்குள் புதிய லைசென்சு எதுவும் தலைமை வனஜீவிக் காப்பாளரின் முன் சம்மதமில்லாமல் வழங்கலாகாது. முதுமலை, சத்தியமங்கலம், மேகமலை முதலிய இடங்களைச் சுற்றியுள்ளவர்களின் மனுக்கள் தாமதப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். தாலுகா ஆபீஸில் மட்டும் விசாரித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. வனச்சரக ஆபீஸிலும் விசாரிக்க வேண்டும்.

குடகு நாட்டில் லைசென்சே வேண்டாமே என்று நீலகிரிப் பக்கத்துக் குடியானவர்கள் சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். குடகு வம்சத்தாருக்கும் அங்குள்ள ஜம்மா நிலக்காரர்களுக்கும் பிரிட்டிஷார் காலந்தொட்டு அந்த விலக்கு இருந்துவருகிறது. மத்திய சர்க்கார் 2019-இல் அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. ஆனால் அது அவ்வகுப்பாருக்கும் அந்நிலத்தாருக்கும் மட்டுமே உரியது. எல்லையைத் தாண்டி இப்பால் உள்ளவர் அதைச் சொல்லித் தப்ப முடியாது.

இனி, தகப்பனார் துப்பாக்கியின் கதைக்கு வருவோம். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவர் 30 வருஷமாக முறைப்படி லைசென்சு வைத்திருந்து, காலந்தவறாமல் புதுப்பித்து வந்தவர். ஒரு மழைக்காலத்தில் அவர் காலமாகிறார். கருமாதி, பாகம், பட்டா மாற்றம் என்று மக்கள் அலைகிறார்கள். துப்பாக்கியைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை. லைசென்சுப் புத்தகம் அவருடைய தகரப் பெட்டியிலேயே இருக்கிறது. அதில் கண்ட கெடுவுக்கு இன்னும் 2 வருஷம் இருப்பதைக் கண்டு மூத்த மகன் நிம்மதியடைகிறார். அந்த நிம்மதிதான் ஆபத்து. லைசென்சு மனிதருக்குக் கொடுக்கப்பட்டது, வீட்டுக்குக் கொடுக்கப்பட்டதன்று. அவர் காலமானதும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க அவ்வீட்டில் எவருக்கும் உரிமை இல்லை. பிறகு எப்போதாவது பங்காளிச் சண்டையில் யாரோ ஒருவர் எழுதிப் போட்டு போலீசார் வந்து பார்த்தால், லைசென்சு இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தவராக மூத்த மகன் நிற்க வேண்டும். அக்குற்றத்துக்கு முன்பு 1 வருஷத்துக்குக் குறையாமல் 3 வருஷம் வரை இருந்த சிறைத் தண்டனை, 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் 2 வருஷத்துக்குக் குறையாமல் 5 வருஷம் வரை என்று உயர்த்தப்பட்டது, அபராதமும் உண்டு. தகப்பனார் ஞாபகார்த்தமாக வைத்திருந்தேன் என்பது சமாதானம் ஆகாது.

அவர் செய்திருக்க வேண்டியது சிரமமானதன்று. சட்டத்தின் 21-ஆம் பிரிவு, வைத்திருப்பதற்கு உரிமை போன ஆயுதத்தை வீண் தாமதமின்றிப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கும்படி சொல்லுகிறது. ஒப்படைப்பதால் துப்பாக்கி கைவிட்டுப் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படியன்று. குறித்த கெடுவுக்குள் வாரிசு தம் பெயருக்கு லைசென்சு பெற்றுவிட்டால் அதைத் திரும்பப் பெறலாம். லைசென்சு வேண்டாமென்றால், வைத்திருக்க உரிமையுள்ள வேறொருவருக்கு விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். கெடு கடந்தும் ஒன்றும் செய்யாதிருந்தால்தான் நோட்டீசு கொடுத்துச் சர்க்கார் வசமாக்குவார்கள். ஆகையால் ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண்ணும் தேதியும் கண்ட ரசீதைத் தவறாமல் வாங்க வேண்டும். வாரிசு மனுவோடு மற்ற வாரிசுதாரர்களின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் கேட்கப்படும். சகோதரர்கள் ஒற்றுமையாக இருக்கும்போதே அதைப் பெற்றுக்கொள்வது புத்திசாலித்தனம்.

இதைவிட நல்ல வழி பெரியவர் உயிரோடிருக்கும்போதே உண்டு. லைசென்சுதாரருக்கு 70 வயதானாலும், அல்லது அந்தத் துப்பாக்கியை அவர் 25 வருஷம் வைத்திருந்தாலும், இவற்றில் எது முந்தியதோ அப்போது, தாம் குறிப்பிடும் வாரிசுக்கு லைசென்சு மாற்றும்படி அவரே கோரலாம் என்று 2016-ஆம் வருஷத்து விதிகள் இடங்கொடுக்கின்றன. கண் மங்கி, பரணில் ஏற முடியாத வயதில் துப்பாக்கியைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டு, சுடும் வேலையை மகனிடம் விடுவது கிராமங்களில் சாதாரணமாக நடக்கிறது. அவ்விதம் செய்யும் மகன் ஒவ்வோர் இரவும் குற்றவாளியாகிறான். கொடுத்த தகப்பனும் குற்றத்துக்கு ஆளாகிறார். லைசென்சில் பெயர் இல்லாதவர் துப்பாக்கியைத் தனியே சுமந்து செல்லக்கூடியது, லைசென்சுதாரரின் எழுத்து மூலமான அதிகாரத்துடன் பழுது பார்க்கவோ, லைசென்சைப் புதுப்பிக்கவோ, லைசென்சுதாரரே உபயோகிப்பதற்காகவோ கொண்டுபோகும்போது மட்டுமே.

2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் மேலும் இரண்டு மாறுதல்கள் குடியானவரைப் பாதிக்கின்றன. லைசென்சின் காலம் 3 வருஷத்திலிருந்து 5 வருஷமாக நீண்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பரம்பரைச் சொத்தாக வந்ததாயினும் இரண்டுக்கு மேற்படலாகாது. அப்போது மூன்று வைத்திருந்தவர்கள் மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருஷம் 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இதை அறியாமல் இன்னும் மூன்று வைத்திருப்போர் உடனே போலீஸ் ஸ்டேஷனுக்குச் செல்வது உத்தமம். லைசென்சுகள் யாவும் தேசீயப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு, லைசென்சுதாரருக்குத் தனி அடையாள எண் வழங்கப்படுகிறது. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் தமக்கு அந்த எண் ஏற்பட்டிருக்கிறதா என்று கலெக்டர் ஆபீஸில் விசாரித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கும் மனுவைக் கெடு முடிய இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே போடுவது நல்லது. முடிந்த மறுநாள் போய் நிற்பது, லைசென்சில்லாமல் வைத்திருந்ததாக ஒப்புக்கொள்வதற்குச் சமானம்.

இவ்வளவும் செய்து, சகல தஸ்தாவேஜுகளும் சரியாயிருக்கும் துப்பாக்கியோடு ஒருவர் பரணில் உட்கார்ந்திருக்கிறார். பன்றி வருகிறது. சுடலாமா?

கூடாது. வனஜீவிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைப் பொதுவாகத் தடுக்கிறது. 11-ஆம் பிரிவு விலக்குகளைச் சொல்லுகிறது. இரண்டாம் அட்டவணையில் கண்ட மிருகம், மனித உயிருக்கோ நிலத்திலுள்ள பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டதென்று தலைமை வனஜீவிக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அதிகாரியோ திருப்தியடைந்தால், காரணங்களை எழுதி, எழுத்து மூலமாக உத்தரவிடலாம். அந்த உத்தரவு இருந்தால்தான் சுடுதல் சட்டப்படியாகும். 2022-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி இந்த இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. யானை, மயில் முதலியவை முதல் அட்டவணையைச் சேர்ந்தவை. அவற்றைப் பொறுத்தவரையில் பயிர்ச் சேதம் எவ்வளவானாலும் அது சுடுவதற்குக் காரணமே ஆகாது; மனித உயிருக்கு ஆபத்து, அல்லது மீளாத நோய், ஊனம் ஆகியவையே காரணமாகும். அப்போதும் பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாதென்று தெரிந்தாக வேண்டும். சோளத்தைத் தின்னும் மயிலைச் சுட்டவருக்கு 3 வருஷத்துக்குக் குறையாத சிறைவாசம் காத்திருக்கிறது. இது கடுமையானதென்று இதை எழுதுபவருக்கும் தோன்றாமலில்லை. எனினும் சட்டம் அவ்வாறிருக்கிறது.

ஆயுதச் சட்டம் தேசமெங்கும் ஒன்றாயினும், இந்த இரண்டாவது அநுமதியை வழங்கும் ஏற்பாடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. எல்லையோரக் குடியானவர்கள் குழம்புவது இங்கேதான். கேரள சர்க்கார் 2022-இல், காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றத் தலைவர்களுக்கு அளித்தது. அங்கே லைசென்சு பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு அவ்வேலை நடத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வெளிவந்த உத்தரவு வேறு மாதிரியானது. அதன்படி, காப்புக் காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரையில் பன்றியைச் சுடுதல் இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையில் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம். சுடுபவர் வன இலாகாவைச் சேர்ந்த பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். பாலக்காட்டுச் சம்பந்தி சுட்டார் என்பதற்காகப் பொள்ளாச்சிக்காரர் சுடலாகாது. நமது குடியானவர் செய்ய வேண்டியது, சேதம் கண்ட அன்றே கிராம நிர்வாக உத்தியோகஸ்தருக்கும் வனச்சரக ஆபீஸுக்கும் எழுத்து மூலம் தெரிவித்து நகல் வைத்துக்கொள்வதாகும். நஷ்ட ஈட்டுக்கும் அதே மனுதான் ஆதாரம்.

அப்படியானால் துப்பாக்கி எதற்கு என்று கேட்கலாம். வெற்று மருந்து கெட்டித்து வெடித்து விரட்டுவதற்கும், தற்காப்புக்குமே என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தம்மையோ பிறரையோ காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்துடன் மிருகத்தைக் கொல்லுதல் குற்றமன்று என்று அதே 11-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்தச் சமயத்தில் அவர் வேறு சட்ட விரோதமான காரியத்தில் ஈடுபட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. காட்டுக்குள் துப்பாக்கியுடன் நுழைந்தவர் பன்றி பாய்ந்தது என்று சொல்லிப் பயனில்லை. கொல்லப்பட்ட மிருகம் சர்க்கார் சொத்து. அதன் இறைச்சியைப் பங்கிட்டால், தற்காப்பு என்ற வாதமும் அதோடு போய்விடும்.

லைசென்சு கிடைக்கத் தாமதமாகிறதென்று கொல்லுப் பட்டறையில் குழாயைக் கொடுத்துத் துப்பாக்கி செய்விப்பவர்களும், மாவுக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயை வரப்பில் வைப்பவர்களும் உண்டு. அநுமதியின்றித் துப்பாக்கி செய்வதற்குத் தண்டனை 7 வருஷத்துக்குக் குறையாமல் ஆயுள் வரை. அவுட்டுக்காய் 1908-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டத்தில் வரும். அதைக் கடித்து வாய் சிதைந்து சாகும் ஜீவன்களில் மேய்ச்சலுக்குப் போன சொந்தப் பசுவும் இருக்கக்கூடும். திருவிழாவிலும் கலியாணத்திலும் ஆகாயத்தை நோக்கிச் சுடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பிறருக்கு அபாயம் நேரும்படி சுட்டால் 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் புதிதாக விதித்தது.

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் லைசென்சுதாரர்களைத் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். சித்திரை, வைகாசியில் தேர்தல் வந்தால், அது கோடைப் பயிர் விளையும் காலமாக இருந்துவிடுகிறது. அந்நாட்களில் காவலுக்குக் கூலி ஆள் வைக்கவும், தகரமும் தீவட்டியும் தயார் செய்யவும் முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண், குழலின் நிலைமை, உடன் கொடுத்த தோட்டா அல்லது கேப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது அந்த எண்ணையும் லைசென்சுப் புத்தகத்து எண்ணையும் ஸ்டேஷன் வாசலிலேயே ஒத்துப் பார்த்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.